மூன்று பம்புகளும் பதினெட்டாவது மைலும்

ஹால்வர் ஏரி, மினசோட்டா
திங்கட்கிழமை, இரண்டாவது காப்பிக்குப் பிறகு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் ஹார்லன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் மைலோ, தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் வெர்னாவும் நாயும் இங்கே சுகம். அங்கே உங்கள் முழங்காலும், அதற்கு மேலும் கீழும் உள்ள பாகங்களும் அதே கிருபையில் இருக்கும் என்று நம்புகிறேன். உருளைக்கிழங்கு முளைத்துவிட்டது. மழை போதும், இன்னும் கொஞ்சம் பெய்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஈஸ்டருக்கு நீங்கள் கொண்டுவந்து கொடுத்த பெட்ரோல் டேங்க் மூடிக்கு இன்னொரு தடவை நன்றி. சாவி போட்டுத் திறக்கிற மூடி இந்த ஊரில் வேறு எந்தக் காருக்கும் கிடையாது. சம்பிரதாயம் இத்துடன் முடிந்தது. மச்சான், கார் நின்றுவிடுகிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. போனுக்குக் கீழே உங்கள் தங்கை இருக்கிறாள். மூன்றாவது பம்போடு எல்லாம் சரியாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தவிர, முப்பத்தொரு வருஷம் இந்த மண் ரோடுகளில் ஊர்க் கடிதங்களைக் கொண்டுபோய்ப் போட்டவன் நான். கடிதத்தை நம்பாவிட்டால் வேறு எதை நம்புவது? இன்று காலையில் மட்டும் நாலு தடவை உட்கார்ந்து நாலு தடவை எழுந்துவிட்டேன். ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நாய்கூட என் பின்னாலேயே நடந்து களைத்துப்போய்க் கதவோரம் படுத்துவிட்டது.

விஷயம் இதுதான். நம் கிர்ஸ்டனுக்கு வருகிற சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நோர்டால் கோயிலில் கல்யாணம். நாற்பத்தொரு வயதுப் பெண், ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நர்சுகளை மேய்க்கிறவள், என்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. போன மாசம் வந்து அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்து, "அப்பா, பூ வேண்டாம், பாட்டுக்காரங்க வேண்டாம். நம்ம பழைய கார்ல, நீங்க ஓட்ட, நான் பின்னால உக்காந்து கோயிலுக்கு வரணும். அவ்வளவுதான்" என்றாள். நான் சரி என்றேன். வேறென்ன சொல்வேன்? அந்தக் கார், உங்களுக்கே தெரியும், அறுபத்தாறாம் வருஷத்து இரண்டு கதவு வண்டி, மயில்கழுத்து நிறம், குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் போர்வை போட்டு வைத்திருந்து மே மாசத்தில் வெளியே எடுப்பேன். எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு இருபத்தொன்பது மைல். கார் பதினெட்டாவது மைலில், பெர்க்வில் தானியக் கோபுரத்துக்கு நேர் எதிரே, ஒரு விக்கல் விக்கி நின்றுவிடுகிறது. பதினேழிலும் இல்லை, பத்தொன்பதிலும் இல்லை. தபால்காரனாக இருந்தபோது நான்கூட அவ்வளவு கரெக்டாக நின்றதில்லை.

நின்றால் என்ன, கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பிப் போக வேண்டியதுதானே என்பீர்கள். மச்சான், முதல் கல்யாணத்தை மறந்துவிட்டீர்களா? பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அந்தப் பல் டாக்டர் கிரெய்க். இதே கார், இதே ரோடு. பாதி வழியில் பின் டயர் பஞ்சர். நான் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன், ஒரு நட்டு காணாமல் போய்விட்டது, புல்லில் நாற்பது நிமிஷம் தேடினேன். அந்த நாற்பது நிமிஷமும் கிர்ஸ்டன் கல்யாண கவுனோடு ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். நட்டு கிடைத்ததும் எழுந்து கவுனைத் தட்டிவிட்டு, "அப்பா, வண்டியைத் திருப்புங்க" என்றாள். நீங்கள் கோயிலில் புதுச் செருப்பு கடிக்க நின்றுகொண்டிருந்தீர்கள். இருநூறு பேருக்குச் செய்த பன்றித்தொடை சாண்ட்விச்சை நாங்கள் கிறிஸ்துமஸ் வரை தின்றோம். அவளுக்கு ரோட்டோரத்தில் யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது மச்சான். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பாடம்.

இந்தத் தடவை மாப்பிள்ளை ட்ராய். தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவன், நாற்பத்து நாலு வயது, அதிகம் பேசமாட்டான், பேசினால் வானிலையைப் பற்றித்தான் பேசுவான். போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் பனியைத் தள்ளிவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் போய்விட்டான். மோசமில்லை. அவன் அம்மாதான் அரிசோனாவிலிருந்து வந்திருக்கிறாள், கல்யாணக் கேக்குக்கு மாதிரி என்று லாவெண்டர் பூ போட்ட ஒரு துண்டைக் கொடுத்தாள். வெர்னா ஒரு வாய் தின்றுவிட்டு முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்து, "வித்தியாசமா இருக்கு" என்றாள். அந்த அம்மாள் பாவம், வெளியூர்க்காரி, சந்தோஷப்பட்டுக்கொண்டு இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். உங்கள் தங்கை வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் மிச்சத்தை நாய்க்குக்கூடப் போடமாட்டாள் என்பது நமக்குத்தானே தெரியும்.

சரி, காருக்கு வருகிறேன். மே மாசம் முதல் தடவை நின்றபோது பெட்ரோல் இல்லையோ என்றுதான் நினைத்தேன். முள் பதினோரு வருஷமாகப் பாதியிலேயே நிற்கிறது, அதை நம்பமுடியாது. டிக்கியில் ஒரு குச்சி வைத்திருக்கிறேன். உங்கள் மூடியைச் சாவி போட்டுத் திறந்தேன், அது 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது, குச்சியை விட்டுப் பார்த்தேன், முக்கால் டேங்க் இருக்கிறது. மூடிப் பூட்டினேன். கிளப்பினால் உடனே கிளம்பிவிட்டது, வீடு வரை வந்துவிட்டது. அடுத்த நாளும் அதே கதை. நிற்கும், திறப்பேன், பெருமூச்சு விடும், அளப்பேன், பூட்டுவேன், கிளம்பும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் சரியாகிறது, ஆகவே களைத்துப்போவது பம்புதான் என்று முடிவு கட்டினேன். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குக் கொடுக்கிற பம்புக்கும் என் வயதில் முக்கால்வாசி ஆகிறது. எனக்கே மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறதே.

உதிரிபாகக் கடை டுவேனிடம் போனேன். டுவேனுக்கு ஐம்பது வயது, கோயில் பாட்டுக்குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று கட்டைக் குரலில் பாடுகிறவன். "அண்ணே, எந்த பம்பு வேணும்?" என்றான். "பம்புன்னா பம்புதான்டா தம்பி" என்றேன். அவன் சிரிக்காமல் நாலு டப்பாவை எடுத்து மேஜைமேல் அடுக்கினான். "ஏ.சி. உள்ள வண்டியா, இல்லாததா? இருந்தா மூணு குழாய், இல்லாட்டி ரெண்டு. உள்ள நீட்டிக்கிட்டிருக்கிற கம்பி நேரா இருக்குமா, வளைஞ்சா?" நான் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போனேன். ஏ.சி. இல்லை. மறுபடி வீட்டுக்கு வந்தேன். கம்பி வளைவு. மறுபடி போனேன். பெட்ரோல் குழாய் முன்பக்கம் வருமா பின்பக்கம் வருமா என்றான். நாலாவது தடவை காரையே ஓட்டிக்கொண்டு போய் அவன் கடைவாசலில் நிறுத்தி, "நீயே பாத்துக்கோ" என்றேன். அவன் காரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்னால் இரண்டு விளக்குக்கும் நடுவில் பளபளத்துக்கொண்டிருந்த உங்கள் மூடிக்கு முன்னால் நின்றான். ரொம்ப நேரம் நின்றான்.

"மூடி புதுசா அண்ணே?"

"ஆமா. என் மச்சான் குடுத்தது. சாவியெல்லாம் உண்டு."

"ஓ, மச்சானா?" என்று தலையைச் சொறிந்துகொண்டான். "வித்தியாசமா இருக்கு."

வயிற்றெரிச்சல், மச்சான். அவன் கடையில் அப்படி ஒரு மூடி கிடையாது. "சமீபத்துல காருல வேற ஏதாவது மாத்தினீங்களா அண்ணே? பழசை எடுத்துட்டுப் புதுசா எதையாவது போட்டீங்களா?" என்று வேறு கேட்டான். "ஒண்ணும் மாத்தலையே, அதனாலதானே இப்ப மாத்த வந்திருக்கேன்" என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சாலையில் போன டிராக்டரைப் பார்த்து, மூடிக்கொண்டான். பிறகு, "பம்பு மாத்துறதுன்னா மாத்தலாம், தப்பில்ல" என்று ஒரு டப்பாவைக் கொடுத்தான்.

அந்த முதல் பம்பை மாட்ட எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. என்ஜின் பக்கவாட்டில் ஒரு பொந்து, அதற்குள் அந்த வளைந்த கம்பியை விட்டு, ஸ்பிரிங்கை எதிர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகாணியைத் திருக வேண்டும். அதற்கு மூன்று கை வேண்டும். எனக்கு இரண்டு. மூன்றாவது கையாக வெர்னாவைக் கூப்பிட்டேன். அவள் அழுத்தினாள், நான் திருகினேன், அவள் கை வழுக்கியது, பம்பு என் தாடையில் மோதியது. "பாத்துங்க, கல்யாணத்துல போட்டோ எடுக்கணும்" என்றாள். போட்டோவைப் பற்றித்தான் கவலை. கடைசியில் மாட்டிவிட்டேன். ஓட்டினேன். தானியக் கோபுரம் தெரிந்தது. கோபுரத்துக்கு நேராக வந்ததும் ஒரு விக்கல். நின்றது. இறங்கி, மூடியைத் திறந்து, பெருமூச்சைக் கேட்டு, குச்சியை விட்டு, பூட்டி, திரும்பி வந்தேன். கோபுரத்தில் வேலை செய்கிறவன் தினமும் எனக்குக் கை காட்ட ஆரம்பித்துவிட்டான்.

இனி நடந்ததற்கு நான்தான் பொறுப்பு, டுவேன் அல்ல. பழைய கார்க்காரர்கள் எழுதிக்கொள்கிற இணையதளம் ஒன்றைக் கிர்ஸ்டன் காட்டிக்கொடுத்தாள். அதில் போய் வாயைக் கொடுத்தேன். 'என்ஜின் பம்பு உறிஞ்சத்தான் செய்யும், கரண்டு பம்பை டேங்க் பக்கத்தில் வைத்தால் தள்ளும், தள்ளுவதுதான் நல்லது' என்றான் ஒருவன். 'கரண்டு பம்பு போடுகிறவன் முட்டாள்' என்றான் இன்னொருவன். 'உன் அப்பன் முட்டாள்' என்றான் முதலாமவன். ஒரு ராத்திரிக்குள் அறுபது பேர் சண்டை போட்டார்கள், யாரும் என்னிடம் என்ன கார் என்றுகூடக் கேட்கவில்லை. நான் கேட்லாக் பார்த்துப் பம்பு தேடினேன். ஒன்று நாலு பவுண்டு அழுத்தம், ஒன்று ஏழு, ஒன்று அறுபது. மச்சான், முப்பத்தொரு வருஷம் பனியில் வண்டி தள்ளினவன், நாலு பவுண்டைத் தேடிப் போவேனா? மகள் கல்யாணம். அறுபதை வரவழைத்தேன்.

பம்பு வந்தது. டேங்குக்குப் பக்கத்தில், காருக்கு அடியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு படுத்து மாட்டினேன். ஒயர் இழுத்து முன்னால் ஒரு சுவிட்ச் வைத்தேன். அன்று மழை, அதனால் வெர்னா கல்யாண விருந்துக்கான பதினாலு மேஜை விரிப்புகளைக் கொட்டகைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தியிருந்தாள். நான் சுவிட்சைப் போட்டேன். முதலில் ஒரு ரீங்காரம், நல்ல ரீங்காரம். பிறகு கார்புரேட்டர் தலை வழியாகப் பெட்ரோல் பொங்கி வழிய ஆரம்பித்தது. பாலைப் பொங்கவிட்ட மாதிரி வழிகிறது. நான் சுவிட்சை நோக்கி ஓடினேன், கொடி கழுத்தில் மாட்டியது, பதினாலு விரிப்பும் நானும் தரையில். வெர்னா வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்த் தீயணைப்புக்கு போன் போட்டாள்.

நம் ஊர்த் தீயணைப்பு என்றால் உங்களுக்குத் தெரியுமே, எல்லாம் நம்ம ஆட்கள்தான். பன்னிரண்டு பேர் வந்தார்கள். பன்னிரண்டு பேரும் சனிக்கிழமை கல்யாணத்துக்கு வருகிறவர்கள். ஒருவன் பேட்டரி ஒயரைக் கழற்றினான், இருவர் மணல் போட்டார்கள், மீதி ஒன்பது பேர் "காப்பி வேண்டாம்க்கா, சிரமப்படாதீங்க" என்றார்கள். வெர்னா "சிரமமில்லை" என்றாள். "பரவால்லக்கா" என்றார்கள். "போட்டாச்சு" என்றாள். "அப்படின்னா அரை டம்ளர்" என்றார்கள். விருந்துக்காகச் செய்து வைத்திருந்த எலுமிச்சைக் கேக்கில் இரண்டு தட்டு காலி. விரிப்பெல்லாம் மூன்று தடவை துவைத்தாகிவிட்டது. இன்னும் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது என்று உங்கள் தங்கை உத்தரவு போட்டிருக்கிறாள்.

மறுபடி டுவேனிடம் போனேன். பம்பைக் கையில் வாங்கிப் பார்த்தவன் முகம் வெளிறிவிட்டது. "அண்ணே, இது ஊசிமருந்து மாதிரி பெட்ரோலைப் பீய்ச்சுற புதுக் காருக்கு. உங்க கார்புரேட்டருக்குள்ள ஒரு சின்னக் கிண்ணம், அதுல ஒரு மிதவை, மிதவை தலைல ஒரு ஊசி. கிண்ணம் நெறைஞ்சா ஊசி வாசலை அடைச்சுக்கும். அந்த ஊசி அஞ்சாறு பவுண்டுதான் தாங்கும். அறுபதைக் கொண்டுபோய்த் தள்ளினா அது என்ன செய்யும் பாவம்?" என்றான். என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேட்லாக்ல வாங்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். நியாயம்தான். அசடு வழிந்தேன். அவனே நாலு முதல் ஏழு பவுண்டு வரை தள்ளுகிற ஒரு பம்பை எடுத்து, முன்னால் ஒரு வடிகட்டி, அடியில் ரப்பர், எல்லாம் சேர்த்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு என்னோடு வாசல் வரை வந்தான். மறுபடி அந்த மூடிக்கு முன்னால் நின்றான்.

"மச்சான் ரொம்ப நெருக்கமா அண்ணே?"

"வெர்னாவோட அண்ணன். சனிக்கிழமை வர்றார்."

"ஓ" என்றான். "அப்ப சரி. ஆனா வித்தியாசமாத்தான் இருக்கு" என்று முனகிவிட்டு உள்ளே போய்விட்டான்.

இந்த மூன்றாவது பம்பு சரியான பம்பு, மச்சான். அதில் சந்தேகமில்லை. கார்புரேட்டர் ஒரு சொட்டு சிந்தவில்லை. 'டக்டக்டக்டக்' என்று பின்சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம் மட்டும். வெர்னா ஏறி உட்கார்ந்ததும், "என்னங்க இது, குண்டு வச்சிருக்கீங்களா?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் டேங்க் வேறு 'டொங்' என்று தகரம் நெளிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. "உங்க டேங்குக்குப் பசிக்குது" என்றாள். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்து, "இந்தக் காருல ஒழுங்கா வேலை செய்யறது என் அண்ணன் குடுத்த மூடி ஒண்ணுதான்" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. பத்தாவது மைலில் அவளைத் தையற்காரி வீட்டில் இறக்கிவிட்டு நான் தனியாகக் கோபுரம் வரை போனேன். பதினெட்டாவது மைல் வந்தது. நிற்கவில்லை! கோபுரத்துக்காரன் கை காட்டினான், நான் நிற்காமலே கை காட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான், சொல்ல வெட்கமில்லை. "கிர்ஸ்டன், ஜெயிச்சாச்சுடி" என்று தனியாகக் கத்தினேன். பத்தொன்பதரையில் நின்றுவிட்டது.

இந்தப் புதுப் பம்பு எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒன்றரை மைல். இந்தக் கணக்குப்படி கோயிலுக்குப் போய்ச் சேர இன்னும் ஆறேழு பம்பு வேண்டும்.

ஆகவே மச்சான், நான் கேட்பது இதுதான். நீங்கள் சனிக்கிழமை நேராக எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். பகல் பன்னிரண்டரை மணிக்கு உங்கள் பிக்கப் லாரியை எடுத்துக்கொண்டு, நல்ல கனமான கயிறு ஒன்றோடு, தானியக் கோபுரம் தாண்டி ஒன்றரை மைலில், இடதுபுறம் பச்சை அஞ்சல்பெட்டி இருக்கிற இடத்தில் நில்லுங்கள். ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்த மாதிரி நில்லுங்கள். கார் விக்கல் விக்கினதும், நான் வாய் திறப்பதற்குள், கிர்ஸ்டன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்குள், கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுங்கள். அவளுக்கு யோசிக்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் கிடைக்கக் கூடாது. கேட்டால் ஊர்வலம் என்று சொல்லிவிடுவோம். வெர்னாவிடம் மூச்சு விடாதீர்கள். இது என் மானத்தைப் பற்றியது அல்ல. என் மானம் தீயணைப்பு வண்டியோடு போய்விட்டது. அந்தப் பெண் இன்னொரு பதினைந்து வருஷம் தனியாக அந்த வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதை என்னால் பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

சமாதானத்தின் தேவன் உங்களோடும், உங்கள் முழங்காலோடும், உங்கள் பிக்கப்போடும், முக்கியமாகக் கயிற்றோடும் இருப்பாராக. வெர்னா தன் பிரியத்தைச் சொல்லச் சொன்னாள் என்று எழுதுகிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
மைலோ ட்வைட்
(ஓய்வுபெற்ற கிராமத் தபால்காரன், வழித்தடம் 4)

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். மேலே உள்ளதை எல்லாம் படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். நேற்று தபால்காரன் போன பிறகு இந்தக் கடிதத்தை ஒட்டி, வீட்டு வாசல் ரோட்டோர அஞ்சல்பெட்டியில் போட்டு, எடுத்துப்போகக் கடிதம் இருக்கிறது என்று காட்டுகிற சிவப்புக் கொடியையும் தூக்கிவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொடியை இறக்கிக் கடிதத்தை வெளியே எடுத்து உறையைக் கிழித்திருக்கிறேன். தபால்காரன் பதினோரு மணிக்கு வருவான், அதற்குள் எழுதிவிட வேண்டும்.

நேற்று சாயங்காலம் கிர்ஸ்டன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, "ஒரு ஒத்திகை ஓட்டலாமாப்பா" என்று பின்சீட்டில் ஏறிவிட்டாள். என்ன சாக்குச் சொல்வது? முழங்கால் வலி என்றேன், "அது மாமாவுக்குத்தானே" என்றாள். ஓட்டினேன். பத்தொன்பதரை மைலில், பச்சை அஞ்சல்பெட்டிக்கு நேரே, விக்கல். நின்றது. அவள் இறங்கினாள். அதே மாதிரிப் புல்லில் உட்கார்ந்தாள். நான் குச்சியைத் தேடுகிறேன், சாவி கீழே விழுகிறது. "அப்பா" என்றாள். "டயர் மாத்த உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"இப்ப டயருக்கு என்னம்மா?"

"சொல்லுங்க. முப்பது வருஷம் மண் ரோட்டுல தபால் போட்டிருக்கீங்க."

"ஏழு நிமிஷம்" என்றேன்.

"அன்னிக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு."

"நட்டு தொலைஞ்சு போச்சேம்மா."

"நட்டு உங்க சட்டைப் பையில இருந்துச்சுப்பா. நான் பாத்தேன்."

மச்சான், பதினைந்து வருஷமாக இதை நான் உங்கள் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. அன்று வீட்டிலிருந்து கிளம்பினதிலிருந்து கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கல்யாணத்துக்குப் போகிற முகமாக இல்லை. நான் என்ன சொல்ல முடியும், நம் ஆட்கள் அப்படியெல்லாம் பேசுகிறவர்களா? டயர் பஞ்சரானது. நட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யோசிக்கட்டும் என்று நினைத்தேன்.

அவள் எழுந்து வந்து கீழே கிடந்த சாவியை எடுத்துக்கொண்டாள். "இந்தத் தடவை மூணு பம்பு மாத்தியிருக்கீங்களாமே. அம்மா சொன்னா. வழியில நிக்கக் கூடாதுன்னுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப ட்ராயை உங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

"மோசமில்லை" என்றேன்.

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் தானியக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் தெளிவாகத் தெரியவில்லை. "நான் யோசிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சுப்பா" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்ரோல் பார்க்க உங்கள் மூடியைத் திறந்தாள். 'புஸ்ஸ்ஸ்' என்று பெருமூச்சு. மூடினாள், திறந்தாள், புரட்டிப் பார்த்தாள். "இதை எப்பப் போட்டீங்க?"

"ஈஸ்டருக்கு. மாமா குடுத்தது."

"கார் நிக்க ஆரம்பிச்சது?"

"மே. வெளிய எடுத்த உடனே."

"அப்பா, டிரிப்ஸ் பாட்டிலுக்குள்ள காத்துப் போக வழியில்லேன்னா மருந்து எறங்காது. இந்த மூடியில காத்துப் போக ஓட்டையே இல்ல. பெட்ரோல் கொறையக் கொறைய உள்ள எடத்துக்குக் காத்து வரணும்ல? டேங்க் மூச்சு முட்டி நெளியுது. எந்தப் பம்பு வந்தா என்ன செய்யும்?"

இன்று காலை எட்டு மணிக்கு டுவேன் கடையைத் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். மூடியைக் காட்டினேன். அவன் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு முதல் நாளே தெரியும்ண்ணே" என்றான். ஏன்டா சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னேனே! ரெண்டு தடவை சொன்னேனே, வித்தியாசமா இருக்குன்னு! மச்சான் குடுத்ததுன்னு நீங்க சொல்லிட்டீங்க. நாம மினசோட்டாக்காரங்கண்ணே, அதுக்கு மேல ஒரு மனுஷன் வாயைத் திறந்து எப்படிச் சொல்றது?" என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். இதைவிடக் கடுமையாக யாரும் யாரிடமும் இந்த ஊரில் பேசியதில்லை. ஓட்டை வைத்த சாதாரண மூடி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கோயில் வரை போய்விட்டு இப்போதுதான் வந்தேன். ஐம்பத்தெட்டு மைல், ஒரு விக்கல் இல்லை. கோபுரத்துக்காரன்தான் பாவம், நான் நிற்கவில்லை என்று முகம் வாடிவிட்டான்.

ஆகவே பிக்கப் வேண்டாம், பச்சைப் பெட்டி வேண்டாம், நேராக வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள். கயிறு மட்டும் கொண்டுவாருங்கள், என் டிக்கியில் கிடக்கட்டும், எதற்கும் இருக்கட்டும்.

உறையைக் கிழித்ததை வெர்னா பார்த்துவிட்டாள். உங்கள் மூடிக்கு மறுபடி நன்றி எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதுகிறேன்: ரொம்ப வித்தியாசமான மூடி, மச்சான்.